ஊதா நிறத்தில் ஒரு பொய்

போன் முதலில் அடித்ததா, அலறல் முதலில் கேட்டதா... இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர்கள் நால்வர். நால்வரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். நடுவில் நானும் கொஞ்சம் மறந்துவிட்டேன். ஆகவே இது ஐந்தாவது விதம்.

அலறல் என்றே வைத்துக்கொள்வோம்.

பயிர் நோய் ஆராய்ச்சி நிலையத்தின் பசுமைக் குடில். கண்ணாடிக் கூரை. வரிசை வரிசையாகத் தக்காளிச் செடிகள். எல்லாமே வாடியவை. தானாக வாடியவை அல்ல... சம்பளம் வாங்கிக்கொண்டு வாட வைத்தவை.

இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார்.

நிலையத்தின் இயக்குநர்!

பின்மண்டையில் ரத்தம். கண்கள் மூடியிருந்தன. பக்கத்தில், கவிழ்ந்த தொட்டியிலிருந்து மண் சிதறியிருந்தது.

அலறியவள், மாலையில் செடிகளைப் பார்க்க வந்த ஆராய்ச்சியாளர். வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு ஒரே பெயர்தான். 'கிருமி.' படித்தது கிருமி, வளர்ப்பது கிருமி, சாப்பிடும்போது பேசுவதும் கிருமி. வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அலறல் கேட்டு முதலில் ஓடி வந்தவர் துணை இயக்குநர்.

"செத்துட்டாரா?"

"இல்ல சார். மூச்சு இருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

அந்தக் குரலில் இருந்தது கவலையா, ஆர்வமா... கிருமிக்கு விளங்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. இயக்குநர் நினைவில்லாமலேயே போனார். அதன் பிறகுதான் போலீஸ் வந்தது. வழக்கம்போல.

இன்ஸ்பெக்டர் குடிலுக்குள் நுழைந்தார். தரை பளபளத்தது. பினாயில் வாசனை மூக்கைத் துளைத்தது.

"தரையை யார் கழுவினது?"

"நான்தான் சார் கழுவச் சொன்னேன்" என்றார் அலுவலக மேலாளர். "நாளைக்கு விருதுக் கமிட்டி வர்றாங்க. ரத்தக்கறையோட எப்படி சார் வரவேற்கிறது?"

"தடயம் எல்லாம் போச்சே..."

"ஒரு பொட்டு இல்லாமப் போச்சு சார். ரெண்டு தடவை கழுவினோம்."

மேலாளர் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் எதுவும் சொல்லவில்லை. அது அவருடைய பழக்கம். மற்ற அதிகாரிகள் லத்தியை எடுக்கிற இடத்தில் அவர் மௌனத்தை எடுப்பார். எதிரே நிற்பவனைப் பார்த்தபடி பேசாமல் இருப்பார். அந்த அமைதியின் கனம் தாங்காமல் எத்தனையோ பேர் உண்மையைக் கக்கியிருக்கிறார்கள்.

வீட்டில் மட்டும் அந்த வித்தை பலித்ததில்லை.

*

மறுநாள் காலை. போன் அடித்தது. மேலதிகாரி.

"என்னய்யா... யாரைப் பிடிச்சே?"

"விசாரிச்சுக்கிட்டு இருக்கேன் சார். டாக்டர் சொல்றபடி, மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவுல அடிபட்டிருக்கு. அந்த நேரத்துல குடில் பூட்டாமத்தான் கிடந்திருக்கு. யார் வேணா போயிருக்கலாம்."

"யார் வேணான்னு யாரையாவது கைது பண்ண முடியுமா? நேத்து காலையில கேன்டீன்ல ஒரு பொண்ணு அந்த ஆளை மிரட்டினாளாமே."

இன்ஸ்பெக்டர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"ஆமா சார். கட்டுரையில அவ பேரை விட்டுட்டாங்களாம். 'என் பேர் வரலைன்னா இங்க நடக்கிறதே வேற'ன்னு கத்தியிருக்கா."

"பிறகென்ன? தூக்கு."

"சார்... அந்தப் பொண்ணு என் கொழுந்தியா. என் மனைவியோட தங்கச்சி."

மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"தெரியும்யா. தெரிஞ்சுதான் உன்கிட்ட விட்டிருக்கேன். சொந்தக்காரியையே பிடிச்சார்னா பேப்பர்ல எவ்வளவு நல்லா வரும்? சாயங்காலத்துக்குள்ள கைது. கமிட்டி கிளம்புறதுக்கு முன்னாடி."

போன் துண்டிக்கப்பட்டது. உடனே மறுபடியும் அடித்தது. இந்த முறை மனைவி.

"ஏங்க, தங்கச்சியை ஒரு ரூம்ல போட்டு வெளியில ஆளை நிறுத்தி வச்சிருக்கீங்களாமே?"

"அது ஒரு... பாதுகாப்பு."

"சாயங்காலம் வரும்போது அவளைக் கூட்டிட்டு வாங்க."

"விசாரணை முடியணும்மா."

"முடிச்சிட்டு வாங்க. அவ வரலைன்னா நீங்களும் வர வேணாம். ஸ்டேஷன்லயே ஒரு பாய் வாங்கிப் போட்டுக்குங்க."

இன்ஸ்பெக்டர் போனைப் பையில் வைத்தார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் ஆகாயத்தைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் கேட்டியா?"

"ஒண்ணும் கேக்கல சார்" என்றார் கான்ஸ்டபிள். "பாய் எந்தக் கடையில நல்லா இருக்கும்னு மட்டும் யோசிச்சேன்."

*

துணை இயக்குநரின் அறை. சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். மேஜையில் அவருடைய புதுக் கட்டுரை. அதற்குத்தான் விருது. அட்டையில் அவர் பெயர் முதலில் இருந்தது. எந்தக் கட்டுரை வந்தாலும் அவர் பெயர்தான் முதலில் இருக்கும். இரண்டாவதாக இயக்குநர். நிலையத்தில் வேலை செய்தவர்கள் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், நன்றிக்கு உரியவர்களாக இருப்பார்கள். சில சமயம் அதுவும் இருக்காது.

"நேத்து மதியம் எங்க இருந்தீங்க சார்?"

"என் சோதனை அறையில. தனியா. சாப்பிட்டதுல இருந்து டீ வரைக்கும் வெளியிலேயே வரல."

"யாராவது பார்த்தாங்களா?"

"பார்த்தாங்க." துணை இயக்குநர் புன்னகைத்தார். "கோடிக்கணக்கான சாட்சிங்க பார்த்தாங்க. வாங்க, காட்டறேன்."

சோதனை அறையில், கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் ஆறு வட்டத் தட்டுகள் வரிசையாக இருந்தன. உள்ளங்கை அளவு. உள்ளே கஞ்சி உறைந்தது போல ஏதோ ஒன்று. ஒவ்வொன்றிலும் பால் நிறத்தில் ஒரு வளையம்.

முதல் தட்டில் வளையம் விளிம்பைத் தொட்டிருந்தது. அடுத்ததில் கொஞ்சம் சிறியது. அதற்கடுத்ததில் இன்னும் சிறியது. ஆறாவதில் ஒரு பொட்டு.

"கிருமி சார். செடியை வாட வைக்கிற கிருமி. நடுவுல ஊசியால தொட்டு வச்சா நீந்திக்கிட்டே வெளியே பரவும். சாப்பிட்டு வந்ததும் முதல் தட்டைத் தொட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்தது. அப்படியே டீ வரைக்கும் ஒண்ணொண்ணா. முதல்ல வச்சது அதிக தூரம் போயிருக்கு. கடைசியா வச்சது இப்பத்தான் கிளம்பியிருக்கு. ஒரு கடிகாரம் மாதிரி. கிருமி பொய் சொல்லாது சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கடைசித் தட்டின் பொட்டு அடர்ந்த ஊதா நிறத்தில் இருந்தது. அதற்கு முந்தையது வெளிர் ஊதா. பெரிய வளையங்களில் அந்த நிறமே இல்லை.

"இந்த ஊதா எதுக்கு சார்?"

"அது... டெக்னிக்கல். சொன்னா உங்களுக்குப் புரியாது."

இன்ஸ்பெக்டர் மௌனத்தை எடுத்தார். நிமிர்ந்து, துணை இயக்குநரைப் பார்த்தபடி நின்றார்.

துணை இயக்குநரும் பார்த்தபடி நின்றார். இருபது வருடமாகக் கூட்டங்களில் எதுவும் பேசாமல் உட்கார்ந்து பதவி உயர்ந்தவர் அவர். மௌனத்தில் இன்ஸ்பெக்டருக்கு மூத்தவர்.

இன்ஸ்பெக்டர்தான் முதலில் இருமினார்.

"ஆறுக்கும் ஒரே சாப்பாடுதானா சார்?"

"ஒரே குடுவையில இருந்து ஊத்தினது. சந்தேகமே வேணாம்."

இன்ஸ்பெக்டர் தட்டுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது மனசு கனத்தது. இந்த ஆளுக்குச் சாட்சி இருக்கிறது. கொழுந்தியாள் கிருமிக்கு இல்லை. அவள் பக்கம் இருப்பதெல்லாம் கேன்டீனில் கத்திய ஒரு வாக்கியம்.

*

கிருமி, பழைய நாற்காலிகள் போட்டு வைக்கும் அறையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் கொடுத்த டீ ஆறிப்போயிருந்தது.

"என்ன மாமா, விலங்கு எடுத்துட்டு வந்தீங்களா?"

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? கேன்டீன்ல அப்படிக் கத்தணுமா?"

"ரெண்டு வருஷம் ராப்பகலா உழைச்சேன். கட்டுரையை எழுதினதும் நான்தான். பேர் மட்டும் அவங்களுது. கத்தாம, கும்மியா அடிப்பாங்க?"

"சாயங்காலம் உன்னைக் கைது பண்ணியாகணும்."

அவள் முகம் சட்டென்று சுருங்கியது. கேலி போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தில் அவருடைய செருப்பை ஒளித்து வைத்துவிட்டுப் பேரம் பேசிய பெண். இப்போது விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான் அடிக்கல மாமா."

"எனக்குத் தெரியும். அது போதாது. மத்தவங்களுக்குச் சாட்சி இருக்கு. உன் துணை இயக்குநருக்கே பார், ஆறு சாட்சி..."

போனை நீட்டினார்.

அவள் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"இது என் தட்டு."

"என்னது?"

"என் தட்டுங்க மாமா. நேத்து காலையில நான் வச்சது. மேல நான் எழுதியிருந்ததை ஸ்பிரிட் போட்டு அழிச்சிருக்கார். ஆறையும் ஒரே நேரத்துல வச்சேன்."

"ஒரே நேரத்துல வச்சா ஒண்ணு பெருசா ஒண்ணு சின்னதா ஏன் இருக்கு?"

"சாப்பாடு வேற மாமா. ஆறுக்கும் ஆறு விதமா வச்சேன். முதல் தட்டுல சும்மா பேருக்குக் கொஞ்சம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, கடைசித் தட்டுல விருந்து. பசியில கிடக்கிற கிருமி என்ன பண்ணும்? வாலைச் சுழட்டிக்கிட்டுச் சாப்பாடு தேடி ஓடும். அதான் பெரிய வளையம். வயிறு நிறைஞ்ச கிருமிக்கு ஓட வேண்டிய அவசியம் என்ன? இருந்த இடத்துல உக்காந்து குட்டி போடும். அதான் பொட்டு."

"சரி... அந்த ஊதா?"

"அது பேச்சு."

"பேச்சா? கிருமி பேசுமா?"

"பேசும். நம்மள மாதிரி வாயால இல்ல, ஒரு மாதிரி ரசாயனத்தை விட்டு. ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் விடும். கூட்டம் பெருகப் பெருக அது அதிகமாகும். 'நாம நிறையப் பேர் சேர்ந்துட்டோம்'னு எல்லாத்துக்கும் தெரிஞ்சுடும். அப்பத்தான் செடியைத் தாக்கும். அதுவரைக்கும் நல்ல பிள்ளையா இருக்கும்."

"கல்லெறியக் கூட்டம் சேர்ற மாதிரி."

"அதேதான். அந்தப் பேச்சு காதுல விழுந்தா ஊதாவா மாறுற இன்னொரு கிருமியையும் தட்டுல கலந்து வச்சிருக்கேன். ஒட்டுக் கேக்கிறவன் மாதிரி. இப்ப யோசிங்க மாமா. அவர் சொல்றபடி எல்லாத்துக்கும் ஒரே சாப்பாடு, நேரம்தான் வேறன்னா, எந்தத் தட்டு அதிகமாப் பேசியிருக்கணும்?"

இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார்.

துணை இயக்குநர் கணக்குப்படி முதலில் பிறந்தது பெரிய வளையம். அது ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் பிறந்தது பொட்டு. அது ஊதா ஊதாவாகப் பேசித் தள்ளியிருக்கிறது.

"அடடே... நேத்துப் பொறந்த குழந்தை வாய் ஓயாமப் பேசுது, மூத்த பிள்ளை ஊமையா இருக்கு."

"நடக்குமா?"

"எங்க வீட்டுல நடக்குது. உங்க அக்கா பேசுறா, நான் மூத்தவன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "இது அவருக்கே தெரியாதா? அவர் கட்டுரையாச்சே."

"கட்டுரையோட தலைப்பே அதான் மாமா. 'ஊட்டம் மாறினால் கிருமியின் ஓட்டமும் பேச்சும் எப்படி மாறும்'. அவர் தலைப்பு வரைக்கும்கூட வந்ததில்ல போல. அவர் பேரோடயே நின்னுட்டார்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வாசலில் ஒரு நொடி நின்றார்.

"கிருமி, அந்த டீயைக் குடி. ஆறிப் போச்சு."

*

கருத்தரங்கு மண்டபம். மேடையில் விருதுக் கமிட்டி. மதிய விருந்து முடிந்திருந்தது. தலைவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். மற்ற உறுப்பினர்கள் முழுத் தூக்கத்தில் இருந்தார்கள். வயிறு நிறைந்தவர்கள் ஓடவும் இல்லை, பேசவும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் கிருமிகள் மேல் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. அவை பேசவாவது செய்கின்றன.

கீழே நிலையத்தின் ஊழியர்கள். முன்வரிசையில் துணை இயக்குநர். கழுத்தை இறுக்கும் புதுக் கோட்டு.

இன்ஸ்பெக்டர் தட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கிருமி அவர் பின்னால் நின்றாள்.

"மன்னிக்கணும். ஒரு சின்ன சந்தேகம்" என்றார் துணை இயக்குநரிடம். "இந்த ஆறு தட்டும் ஒரே சாப்பாடு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வச்சீங்க. சரிதானே?"

"காலையிலேயே சொன்னேனே."

"உங்க கட்டுரையில, கூட்டம் பெருகினாத்தான் ஊதா வரும்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா முதல்ல வச்ச தட்டுல நிறைய ஊதா இருக்கணும். இங்க கடைசித் தட்டுலதான் இருக்கு. ஏன் சார்?"

கமிட்டித் தலைவர் கண்ணைத் திறந்தார்.

"அட, ஆமாம்" என்றார். "இது சாப்பாட்டு வித்தியாசம் இல்லையா? கட்டுரையில முதல் படமே இதுதானே?"

மண்டபத்தில் சலசலப்பு.

துணை இயக்குநர் தட்டுகளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அவற்றை உற்றுப் பார்ப்பது போல இருந்தது.

"சார், எனக்கு ரெண்டே வழிதான் தெரியுது" என்றார் இன்ஸ்பெக்டர், மெதுவாக. "ஒண்ணு... இந்த விஷயம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதாவது விருது வாங்கப் போற உங்க சொந்தக் கட்டுரையை நீங்க படிச்சதே இல்ல. அதனால இந்தப் பொண்ணோட தட்டை உங்க தட்டுன்னு நினைச்சு எடுத்துக் காட்டிட்டீங்க. இல்லைன்னா... படிச்சிருக்கீங்க. எங்களுக்குப் புரியாதுன்னு தெரிஞ்சே பொய் சாட்சி ஜோடிச்சிருக்கீங்க. அப்படி ஜோடிக்க ஒரே காரணம்தான் இருக்க முடியும். இயக்குநரை அடிச்சது நீங்க."

இன்ஸ்பெக்டர் கடைசித் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"சொல்லுங்க சார். கட்டுரையைப் படிச்சீங்களா, இல்லையா?"

துணை இயக்குநர் மேடையைப் பார்த்தார். கமிட்டி முழுவதும் இப்போது விழித்திருந்தது. பின்னால் திரும்பி ஊழியர்களைப் பார்த்தார். இருபது வருடமாக அவர் பெயரை முதலில் எழுதியவர்கள். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மௌனம்.

நீண்ட, கனத்த மௌனம். இன்ஸ்பெக்டர் தம் பணிக்காலத்தில் பார்த்திராத மௌனம். அதற்குள் ஒரு மனிதர் சிறையையும் அவமானத்தையும் இரண்டு கைகளில் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டின் பொத்தானை ஒருமுறை சரிசெய்தார்.

"படிச்சிருக்கேன்" என்றார்.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

*

ஜீப்பில் துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் இன்ஸ்பெக்டர். கிருமியை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மனைவியிடமிருந்து ஒரு போனும் இல்லை. நல்ல அறிகுறி.

அப்போது அடித்தது. மருத்துவமனை.

"இயக்குநருக்கு நினைவு வந்துடுச்சு சார். பேசறீங்களா?"

போனில் இயக்குநரின் குரல் ஈனமாக வந்தது.

"இன்ஸ்பெக்டர்... அந்தக் குடில்ல எல்லாரும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்குவாங்களாமே. எனக்கு யாரும் சொல்லல. நான் அங்க போய் எட்டு வருஷம் ஆச்சு. கமிட்டிக்குக் காட்டுறதுக்குச் செடி போதுமான அளவு வாடியிருக்கான்னு பார்க்கப் போனேன். தோல் ஷூ... ஈரத் தரை... வழுக்கிடுச்சு. செடி வைக்கிற இரும்பு ஸ்டாண்டுல மண்டை அடிச்சது."

"யாரும்... அடிக்கலையா?"

"என்னை எதுக்கு அடிக்கப் போறாங்க? நான் எதுவுமே செய்யறதில்லையே."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னார். திரும்பினார்.

"சார், நேத்து மதியம் உண்மையில எங்க இருந்தீங்க?"

துணை இயக்குநர் விலங்குக் கையால் கோட்டின் விளிம்பைத் தடவினார்.

"டெய்லர் கடையில. விருதுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தேன். ஆபீஸ் நேரத்துல போனது தெரிஞ்சா நல்லா இருக்காதேன்னு..."

"இயக்குநர் வழுக்கி விழுந்தாராம். குத்தமே நடக்கல. நீங்க போகலாம்."

விலங்கைக் கழற்றக் கான்ஸ்டபிள் கை நீட்டினார். துணை இயக்குநர் கையை இழுத்துக்கொண்டார்.

"போகணுமா?"

"என்ன சார்?"

"இப்ப வெளியில போனா நான் என்னன்னு சொல்றது? அடிக்கலைன்னா... படிக்கலைன்னு ஆயிடுமே." அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் குனிந்தார். "கேஸை அப்படியே கொஞ்ச நாள் வச்சுக்க முடியாதா சார்? ஒரு ஆறு மாசம்? அதுக்குள்ள படிச்சுடறேன்."

*

மிச்சம் இதுதான்.

இயக்குநர் குணமாகி வேலைக்குத் திரும்பினார். அவர் இல்லாத நாட்களில் நிலையத்தில் எந்த வேலையும் தடைபடவில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

துணை இயக்குநர் நீண்ட விடுப்பில் போனார். கட்டுரையின் பாதி வரை வந்துவிட்டதாகக் கேள்வி.

கமிட்டி அந்த வருடம் யாருக்கும் விருது கொடுக்கவில்லை. விருந்துக்கு மட்டும் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதியது.

கிருமியின் பெயர் கட்டுரையில் முதலில் ஏறியது. அவள் தட்டுகள் வைக்கும் பெட்டிக்குப் பூட்டும் வந்தது. அவளுடைய அக்கா அன்று இரவு கணவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நடக்காத குற்றத்துக்கே பொதுமேடையில் ஒப்புதல் வாங்கிய முதல் அதிகாரி என்று மேலதிகாரி பேப்பரில் பேட்டி கொடுத்தார். இப்போது இன்ஸ்பெக்டர் காவலர் பயிற்சிக் கல்லூரியில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி என்று வகுப்பெடுக்கிறார்.

"நம்ம டிபார்ட்மென்ட்டுல இதை வேற புதுசா சொல்லிக் குடுக்கணுமா?" என்பது கான்ஸ்டபிளின் கருத்து.